கோடரிக்குத் தப்பிய தெய்வங்கள் – 9: கடைசித் தோப்பு

சென்ற வாரம் கிராகோ நகரில் நிறுத்தியிருந்தோம். 1386 பிப்ரவரியில் லிதுவேனியாவின் மாமன்னர் யோகைலா அங்கே ஞானஸ்நானம் பெற்றார். மூன்றே நாளில் போலந்தின் அரசி யாத்விகாவை மணந்தார். கல்யாணம், கிரீடம், மதம் மூன்றும் ஒரே பேச்சுவார்த்தையில் முடிந்தன. மறு ஆண்டு அவர் வில்னியூஸுக்குத் திரும்பியபோது பாதிரிமாரும் கூட வந்தார்கள். ஐரோப்பாவில் அரசே முன்னின்று கிறித்தவத்துக்கு மாறிய நாடுகளில் லிதுவேனியாதான் கடைசி.

அப்போது நடந்ததைப் பதினைந்தாம் நூற்றாண்டின் போலந்து வரலாற்றாசிரியர் யான் துவுகோஷ் எழுதி வைத்திருக்கிறார். வில்னியூஸில் எரிந்துகொண்டிருந்த அணையா நெருப்பை அணைத்தார்கள். புனிதத் தோப்புகளை வெட்டினார்கள். வீடுகளில் பேணி வந்த பாம்புகளைக் கொன்றார்கள். மக்களைக் கூட்டம் கூட்டமாக நிறுத்தி ஞானஸ்நானம் கொடுத்தார்கள். ஒரு கூட்டத்துக்கு ஒரே பெயர். மாறியவர்களுக்குக் கம்பளிச் சட்டை கிடைத்தது. அந்தச் சட்டைக்காக வந்தவர்கள் எத்தனை பேர், மனசார வந்தவர்கள் எத்தனை பேர் என்று யாரும் எழுதவில்லை.

ஆனால் அதன் பிறகு நடந்த ஒரு சம்பவம் பதிவாகியிருக்கிறது. லிதுவேனியாவின் பழைய சமயத்தைப் பற்றி எனக்குக் கிடைத்த பதிவுகளிலேயே நான் மிகவும் மதிப்பது அதைத்தான்.

யோகைலாவின் சிற்றப்பா மகன் வீதௌதஸ் லிதுவேனியாவை ஆண்ட காலம். பிராக் நகரத்து ஜெரோம் என்ற துறவி மதம் பரப்ப அங்கே போனார். பல ஆண்டுகள் கழித்து, பாசல் நகரில் திருச்சபையின் பொதுச்சங்கம் கூடியிருந்தபோது, தன் அனுபவங்களை ஏனேயா சில்வியோ பிக்கொலோமினி என்ற இத்தாலிய அறிஞரிடம் சொன்னார். பிக்கொலோமினி பின்னாளில் இரண்டாம் பயஸ் என்ற பெயரில் போப்பாண்டவர் ஆனவர். ஐரோப்பாவைப் பற்றித் தான் எழுதிய நூலில் துறவி சொன்னதையும் சேர்த்தார்.

ஜெரோம் பாம்பை வணங்கியவர்களைக் கண்டார், நெருப்பை வணங்கியவர்களைக் கண்டார், ஒரு பெரிய இரும்புச் சுத்தியலை வணங்கியவர்களையும் கண்டார். அவர்களை எல்லாம் வழிக்குக் கொண்டுவந்ததாகச் சொல்கிறார். கடைசியில் வந்தது தோப்பு. நாள்கணக்கில் பேசி, ஊரார் கையிலேயே கோடரியைக் கொடுத்து மரங்களை வெட்டச் செய்தார். தோப்பின் நடுவில் பழைய ஓக் மரம் ஒன்று நின்றது. தெய்வம் குடியிருப்பதே அதில்தான் என்று ஊருக்கு நம்பிக்கை. அதன் பக்கத்தில் போனதும் எல்லோர் கையும் நின்றுவிட்டது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒருவன் மட்டும் துணிந்து, மற்றவர்களைத் திட்டிக்கொண்டே கோடரியை ஓங்கினான். அது மரத்தில் படாமல் அவன் காலில் விழுந்தது. ஆள் சாய்ந்தான். கூட்டம் அலறியது. ஜெரோம் ஜெபித்தார், காயம் ஆறியது, தானே கோடரியை எடுத்து முதல் வெட்டு போட்டார், பிறகு எல்லோரும் சேர்ந்து மரத்தைச் சாய்த்தார்கள் என்று கதை போகிறது.

இதுவரைக்கும் இது மதப் பிரசாரகர்கள் வழக்கமாகச் சொல்லும் வெற்றிக் கதை. ஜெர்மனியில் போனிஃபாஸ் ஓக் மரத்தை வெட்டிய கதையை இந்தத் தொடரில் முன்பே பார்த்தோம்; அதே அச்சு. ஆனால் ஜெரோமின் கதை அங்கே முடியவில்லை. அந்த ஊர்ப் பெண்கள் கூட்டமாகக் கிளம்பி அழுதுகொண்டே வீதௌதஸிடம் போனார்கள். தோப்பை வெட்டிவிட்டார்கள், தெய்வத்தின் வீட்டைப் பறித்துவிட்டார்கள், மழை கேட்கவும் வெயில் கேட்கவும் நாங்கள் போய் நின்ற இடம் அது, இனி அந்தத் தெய்வத்தை எங்கே போய்த் தேடுவோம் என்று முறையிட்டார்கள். இன்னும் சில சின்னத் தோப்புகள் மிஞ்சியிருக்கின்றன, அவற்றையும் இவர் அழிக்கப் பார்க்கிறார் என்றார்கள். பின்னாலேயே ஆண்களும் வந்து, முன்னோர் வழியை விடுவதைவிட ஊரை விட்டே போய்விடுகிறோம் என்றார்கள். குடிமக்கள் போய்விட்டால் ஆள்வது யாரை? வீதௌதஸ், ஜெரோம் நாட்டை விட்டு வெளியேற வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

இந்தப் பகுதியை நான் முழுக்க நம்புகிறேன். கால் காயம் ஆறியது ஜெரோமுக்குப் பெருமை. அதைச் சொல்ல அவருக்குக் காரணம் உண்டு. பெண்களின் கண்ணீர் தன்னை ஊரைவிட்டே துரத்தியது என்று கட்டிச் சொல்ல அவருக்கு எந்தக் காரணமும் இல்லை. லிதுவேனியப் பழஞ்சமயம் தன் குரலில் பேசி நமக்குக் கேட்கும் இடம் இது ஒன்றே. பேசியவர்கள் பூசாரிகள் அல்லர், பெண்கள்.

அந்தச் சமயத்துக்கு வேத நூல் கிடையாது. அதைப் பற்றி இன்று நமக்குக் கிடைக்கும் எழுத்தில் பெரும்பகுதி அதை அழிக்க வந்தவர்கள் எழுதியது. அவர்களிலும் எல்லோரையும் ஒரே மாதிரி நம்ப முடியாது. 1326-ல் பீட்டர் என்ற ஜெர்மானியப் பாதிரியார், பிரஷ்ய மண்ணில் ரோமோவே என்ற புனித இடம் இருந்தது, கிரிவே என்ற தலைமைப் பூசாரி அங்கே இருந்தார் என்று சுருக்கமாக எழுதினார். இருநூறு ஆண்டு கழித்து சீமோன் குருனாவ் என்பவர் அதே இடத்தில் பனிக்காலத்திலும் இலை உதிராத பிரம்மாண்டமான ஓக் மரத்தை நட்டு, அதில் மூன்று தெய்வச் சிலைகளையும் வைத்துவிட்டார். ஓவியர்கள் அதை வரைந்து தள்ளினார்கள். பாடநூல் வரை போய்ச் சேர்ந்தது. குருனாவ் தன் கற்பனையை வரலாற்றோடு தாராளமாகக் கலந்தவர் என்பது அறிஞர்களின் முடிவு. பழஞ்சமயத்தை மீட்க வந்தவர்களுக்கு இந்த மூன்று தெய்வ மரத்தின் மேல் தனி ஆசை உண்டு. ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆனால் வரலாறு எழுதும்போது அந்த மரத்தை ஒதுக்கி வைக்கத்தான் வேண்டும்.

அதைவிட உறுதியான சாட்சி, கண்டனம் செய்த புத்தகங்களிலேயே கிடைக்கிறது. லிதுவேனிய மொழியில் அச்சான முதல் புத்தகம் 1547-ல் கேனிக்ஸ்பெர்க்கில் வெளிவந்த மார்ட்டினஸ் மாஜ்வீதஸின் ஞானோபதேசம். அதன் முன்னுரையிலேயே, இன்னும் மரத்தையும் ஆற்றையும் பாம்பையும் வணங்குகிறார்களே என்று அவர் வருந்துகிறார். 1595-ல் மிகலோயஸ் தௌக்‌ஷா வெளியிட்ட ஞானோபதேசமும் முதல் கட்டளையை மீறுகிறவர்கள் பட்டியலில் நெருப்பை, ஜெமீனாவை, பாம்புகளை, இடித்தெய்வமான பெர்கூனஸை, மரங்களை, தோப்புகளை வணங்குவோரைச் சேர்க்கிறது. அணையா நெருப்பை அணைத்து இருநூறு ஆண்டுகள் ஆகிவிட்டன. அப்போதும் பாதிரியார் இந்தப் பெயர்களை வரிசையாக எழுத வேண்டியிருந்தது என்றால், ஊருக்குள் அவை உயிரோடு இருந்தன.

எங்கே இருந்தன? கோயிலும் இல்லை, பூசாரியும் இல்லை. அடுப்படியிலும் வயலிலும் இருந்தன.

ஜெமீனா மண்ணின் தாய். பதினேழாம் நூற்றாண்டில் மத்தேயுஸ் பிரேட்டோரியுஸ் என்ற மதகுரு, பிரஷ்யாவில் வாழ்ந்த லிதுவேனியக் குடியானவர்களின் சடங்குகளைப் பக்கத்திலிருந்து பார்த்து எழுதினார். விருந்தில் முதல் வாய் பீர் குடிக்கும் முன் ஒவ்வொருவரும் கொஞ்சம் தரையில் ஊற்றி ஜெமீனாவை வேண்டிக்கொள்வார்கள் என்கிறார். முதல் உழவின் சாலில் ஒரு துண்டு ரொட்டியை வைத்து மூடும் வழக்கமும், காலையில் எழுந்ததும் மண்ணை முத்தமிடும் வழக்கமும் பிற்காலம் வரை இருந்ததை நாட்டாரியல் சேகரிப்பாளர்கள் பதிந்திருக்கிறார்கள். குழந்தை பிறக்கும்போது அதன் தலையெழுத்தைச் சொல்பவள் லைமா. தேனீக்களுக்கு ஒரு தெய்வம், ஔஸ்தேயா. காட்டுக்கு மெதேய்னா.

இவர்களில் கபியாவைப் பற்றித்தான் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். அவள் அடுப்பு நெருப்பு. இரவு எல்லோரும் படுத்த பிறகு வீட்டுக்காரி அடுப்படிக்கு வருவாள். எரிந்து தணிந்த கங்குகளை ஒன்றாகக் குவித்து, மேலே சாம்பலை அள்ளி மெதுவாக மூடுவாள். மூடும்போது குழந்தையைத் தூங்க வைக்கிற குரலில் இரண்டு வார்த்தை சொல்லுவாள்: படுத்துக்கொள், எழுந்து ஊர் சுற்றாதே என்கிற மாதிரி. கூரையும் சுவரும் மரமாக இருந்த வீடுகளில் அந்த வேண்டுதல் எவ்வளவு உண்மையானது என்று யோசித்துப் பாருங்கள். சில வீடுகளில் பக்கத்தில் ஒரு கிண்ணம் சுத்தமான தண்ணீர் வைப்பார்கள், கபியா முகம் கழுவிக்கொள்ள. நெருப்பில் துப்பக் கூடாது, அதைக் காலால் மிதிக்கக் கூடாது. அவளுக்குப் படைப்பது உப்பு. ஒரு சிட்டிகை உப்பை நெருப்பில் போட்டால் அது படபடவென்று வெடிக்கும். அவள் ஏற்றுக்கொண்டாள் என்று அர்த்தம்.

சாம்பலை மூடிய அதே கை அதன் மேல் சிலுவை அடையாளமும் போட்டது. பிப்ரவரி 5, புனித ஆகத்தாள் திருநாளில் கோயிலில் மந்திரித்த ரொட்டியை வீட்டில் பத்திரமாக வைத்திருப்பார்கள், வீடு தீப்பிடிக்காமல் காக்கும் என்று. ஆகத்தாளும் கபியாவும் ஒரே அடுப்படியில் சேர்ந்து இருந்தார்கள். இதைக் கலப்படம் என்று சிலர் குறைத்துப் பேசுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. குழந்தைகள் தூங்கும் வீட்டை நெருப்பிலிருந்து காப்பாற்ற வேண்டியவள் கிடைத்த துணையை எல்லாம் கூப்பிடுவாள்.

மரங்கள் கதைகளுக்குள்ளும் பாட்டுகளுக்குள்ளும் போய் ஒளிந்துகொண்டன. லிதுவேனியாவில் ஒவ்வொரு குழந்தைக்கும் தெரிந்த கதை ஒன்று உண்டு. 1837-ல் முதலில் அச்சேறியது. எக்லே என்ற கடைக்குட்டிப் பெண் குளித்துவிட்டுக் கரையேறுகிறாள். சட்டைக் கைக்குள் ஒரு பாம்பு. என்னைக் கட்டிக்கொள்வதாக வாக்குக் கொடுத்தால்தான் சட்டையைத் தருவேன் என்கிறது. விளையாட்டாகச் சரி என்கிறாள். மூன்றாம் நாள் ஆயிரக்கணக்கில் பாம்புகள் பெண்கேட்டு வீட்டு வாசலுக்கு வந்துவிடுகின்றன. தண்ணீருக்கு அடியில் அவள் காண்பது அழகான இளைஞன், பாம்புகளின் அரசன் ஜில்வினஸ். நாலு குழந்தைகளோடு நல்ல வாழ்வு. பல வருஷம் கழித்துத் தாய்வீடு பார்க்க வருகிறாள். அவளைத் திருப்பி அனுப்ப மனமில்லாத அண்ணன்மார்கள் பிள்ளைகளை மிரட்டி, தகப்பனைக் கூப்பிடும் பெயரைக் கேட்கிறார்கள். மூன்று பையன்களும் வாய் திறக்கவில்லை. சின்ன மகள் பயந்து சொல்லிவிடுகிறாள். அவர்கள் கரையில் நின்று அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, வந்தவனை அரிவாள்களால் வெட்டிப் போடுகிறார்கள். எக்லே போய்க் கூப்பிடும்போது தண்ணீரில் இரத்த நுரை வருகிறது. அவள் அங்கேயே பிள்ளைகளை மரமாக்குகிறாள்: மூன்று மகன்களும் ஓக், ஆஷ், பிர்ச் என்ற உறுதியான மரங்கள், மகள், லேசான காற்றுக்கும் நடுங்கும் ஆஸ்பென். தான் ஸ்புரூஸ் மரமாகிறாள்.

காட்டுக்குள் நடக்கும் ஒரு லிதுவேனியப் பிள்ளைக்கு இந்த ஐந்து மரமும் ஒரு குடும்பம். தாயில்லாப் பெண் லிண்டன் மரத்திடம் போய் அழும் பாட்டு, தங்கையின் கல்லறையில் முளைத்த மரத்தை ஒடிக்கப் போகும் அண்ணன் பாட்டு என்று நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஓக் ஆண்பிள்ளை, லிண்டன் பெண்பிள்ளை. வடகிழக்கில் ஸ்டெல்முஜே ஊரில் ஓர் ஓக் இன்றும் இலை விடுகிறது. வயது 1,500 ஆண்டு இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். ஜெரோம் கோடரியோடு வந்த நாளிலேயே அது கிழட்டு மரம்.

பாட்டுகளைத் தொகுத்து அச்சிடும் வேலை 1825-ல் தொடங்கியது. கேனிக்ஸ்பெர்க் பேராசிரியர் லியூத்விகஸ் ரேசா லிதுவேனிய நாட்டார் பாடல்களின் முதல் தொகுப்பை வெளியிட்டார். பிறகு வந்த காலம் கொடுமையானது. 1863 கிளர்ச்சிக்குப் பின் ரஷ்யப் பேரரசு, லத்தீன் எழுத்தில் லிதுவேனியப் புத்தகம் அச்சிடுவதையே தடை செய்தது. 1904 வரை, நாற்பது ஆண்டு. பிரஷ்யாவில் அச்சிட்ட புத்தகங்களை இரவில் எல்லை தாண்டி முதுகில் சுமந்து வந்தார்கள். யோனஸ் பாசனாவிச்சியஸ் போன்றவர்கள் கதைகளையும் பாட்டுகளையும் ஊர் ஊராகத் திரட்டினார்கள். அச்சு முடங்கிய காலத்தில் மொழியைக் காப்பாற்றியது கிழவிகளின் நாக்குதான்.

பாட்டு மறுபடி சடங்காக மாறியது நெமுனஸ் ஆற்றங்கரையில் உள்ள ராம்பீனஸ் குன்றில். அங்கே பழைய பலிக்கல் ஒன்று இருந்தது. அதை 1811-ல் ஓர் ஆலைக்காரர் உடைத்து ஆலைக்கல் செய்துவிட்டார். கல் போன பிறகும் மக்கள் குன்றுக்கு வருவதை விடவில்லை. வீதூனஸ் என்ற பெயரில் எழுதிய சிந்தனையாளர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் தன் பாடகர் குழுவோடு அங்கே கோடைச் சங்கராந்தி விழாவை நடத்தத் தொடங்கினார். பகவத் கீதையை லிதுவேனிய மொழிக்குக் கொண்டுவந்தவரும் அவரே. முன்னோர் நெருப்பை எப்படிப் புரிந்துகொள்வது என்பதற்கு அவர் உபநிடதத்தில் வழி தேடினார்.

அடுத்து வந்தது சோவியத் ஆட்சி. அதற்கு எல்லாச் சமயமும் ஒன்றுதான். 1967 ஜூனில் வில்னியூஸ் இளைஞர்கள் சிலர் கெர்னவே என்ற பழைய தலைநகருக்குப் போனார்கள். ஐந்து கோட்டை மேடுகளும் கீழே நேரிஸ் ஆறும் உள்ள இடம். பூ மாலை கட்டினார்கள், நெருப்பு மூட்டினார்கள், பாட்டிகளிடம் கற்ற பாட்டுகளை விடியும் வரை பாடினார்கள், மாலைகளை ஆற்றில் விட்டார்கள். வெளியே பார்க்க நாட்டார் கலை விழா. ஆனால் கூட்டம் ஆண்டுதோறும் பெருகியது. அதிகாரிகளுக்குப் புரிந்துவிட்டது. 1971-ல் அந்த இளைஞர்களின் சங்கத்தை மூடினார்கள். முன்னின்ற யோனஸ் திரின்கூனஸ் 1973-ல் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். பல ஆண்டு சில்லறை வேலைகள் செய்து காலம் தள்ளினார்.

இதே காலத்தில் கடலுக்கு அப்பால் ஒரு லிதுவேனியப் பெண் உலகத்தையே தெய்வத்தாயின் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். வில்னியூஸில் 1921-ல் பிறந்த மரியா கிம்புதாஸ், பள்ளிப் பருவத்திலேயே கிராமங்களுக்குப் போய்ப் பாட்டு சேகரித்தவர். 1944-ல் கைக்குழந்தையோடு அகதியாக வெளியேறி, அமெரிக்காவில் தொல்லியல் பேராசிரியர் ஆனார். பழைய ஐரோப்பாவின் தெய்வங்களைப் பற்றி 1974-ல் அவர் எழுதிய நூல், கற்கால ஐரோப்பா தாய்த்தெய்வத்தை வணங்கிய அமைதியான சமூகம் என்றது. கலிபோர்னியாவில் புதிதாகத் துளிர்த்துக்கொண்டிருந்த தேவி வழிபாட்டு இயக்கத்துக்கு அது வேதம் போல ஆனது. தொல்லியலாளர்கள் பலர், இவ்வளவு சிறிய களிமண் உருவங்களின் மேல் இவ்வளவு பெரிய மாளிகை நிற்காது என்று மறுத்தார்கள். அந்த மறுப்பில் நியாயம் இருக்கிறது என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் புல்வெளி மக்கள் கிழக்கிலிருந்து ஐரோப்பாவுக்குள் வந்தார்கள் என்ற அவருடைய இன்னொரு கருத்தை, 2015 முதல் வந்த பண்டைய மரபணு ஆய்வுகள் பெருமளவு உறுதி செய்திருக்கின்றன. ஒரே ஆளிடம் இரண்டும் இருந்தன. ஜெமீனாவையும் லைமாவையும் புத்தகத்தில் படிக்கும் முன்பே கேட்டு வளர்ந்தவர் என்பதை மறந்துவிட்டு அவரை எடைபோடக் கூடாது. 1994-ல் காலமானார், அவரைக் கௌனாஸ் மண்ணுக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள்.

கலிபோர்னியாவின் தேவிக்கும் லிதுவேனியாவின் தெய்வங்களுக்கும் நடுவே பெரிய இடைவெளி உண்டு. அங்கே ஒரே மகாதேவி. புத்தகத்தின் வழியே வந்தவள். இங்கே பலர், ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை, ஒரு பாட்டு, ஒரு சிட்டிகை உப்பு. நாடு விடுதலை பெற்றபின் 1992-ல் திரின்கூனஸும் நண்பர்களும் ரோமுவா என்ற சமய அமைப்பைப் பதிவு செய்தபோது இந்த வீட்டு வழக்கங்களையும் பாட்டுகளையும்தான் அடித்தளமாக வைத்தார்கள். ரோமுவா சடங்கைப் பார்த்தால் புரியும். அடுக்கிய கற்களின் மேல் நெருப்பு. சுற்றிலும் லினன் உடையில் பெண்களும் ஆண்களும். முதலில் கபியாவை அழைத்துப் பாட்டு, பிறகு உப்பு, தானியம், பூக்கள், பீர். ஜெமீனாவுக்குத் தரையில் கொஞ்சம். பிரசங்கம் குறைவு, பாட்டு நிறைய. திரின்கூனஸின் மனைவி இனியா திரின்கூனியேனே நடத்தும் குல்கிரிந்தா பாடகர் குழுதான் இந்தச் சமயத்தின் உயிர் என்று சொல்லலாம். பெண்கள் இரண்டு மூன்று குரலாகப் பிரிந்து, சுருதிகள் ஒன்றோடொன்று உரச உரசப் பாடும் பழைய பாணிப் பாட்டுகளை அவர்கள் மேடையிலும் நெருப்பின் முன்பும் பாடுகிறார்கள். 2010-ல் யுனெஸ்கோ அந்தப் பாட்டு வகையை மானுடப் பண்பாட்டு மரபாக அறிவித்தது.

இது அறுபடாத மரபா என்று கேட்டால், இல்லை. கற்களை அடுக்கியதும் சடங்கை வரிசைப்படுத்தியதும் இருபதாம் நூற்றாண்டு. தலைமைப் பூசாரிக்கு வைத்த பெயர் 1326-ன் ஏட்டிலிருந்து எடுத்தது. திரின்கூனஸ் 2002-ல் அந்தப் பொறுப்பை ஏற்றார். ஆனால் நெருப்புக்கு உப்புப் போடும் கையும் பாட்டும் யாரும் புதிதாகக் கண்டுபிடித்தவை அல்ல. 2014 ஜனவரியில் அவர் இறந்தபின் அந்தப் பொறுப்புக்கு இனியா தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்த இடத்தில் அமர்ந்த முதல் பெண்.

எண்ணிக்கையில் சிறிய கூட்டம். 2001 கணக்கெடுப்பில் பழைய பால்டிக் சமயத்தார் என்று பதிந்தவர்கள் 1,270 பேர், 2011-ல் 5,118 பேர். லிதுவேனியச் சட்டம் கத்தோலிக்கம் உள்ளிட்ட ஒன்பது சமயங்களை மரபுவழிச் சமயங்கள் என்கிறது. கிறித்தவத்துக்கு முந்தையது அந்தப் பட்டியலில் இல்லை. பதிவு செய்து 25 ஆண்டு ஆனால் அரசு அங்கீகாரம் கேட்கலாம். ரோமுவா காத்திருந்து 2017-ல் விண்ணப்பித்தது. நீதி அமைச்சகம் தடை ஏதும் காணவில்லை. ஆனால் கத்தோலிக்க ஆயர்களின் தலைவர் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு எதிர்ப்புக் கடிதம் எழுதினார். 2019 ஜூனில் நாடாளுமன்றம் மறுத்துவிட்டது. வழக்கு ஸ்ட்ராஸ்பர்க்குக்குப் போயிற்று. 2021 ஜூன் 8 அன்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், இது பாரபட்சம், நாடாளுமன்றம் நடுநிலை தவறியது என்று தீர்ப்புச் சொன்னது. அதற்குப் பிறகும் மூன்றரை ஆண்டு இழுத்தது. 2024 டிசம்பர் 12 அன்று நாடாளுமன்றம் அங்கீகாரம் கொடுத்தது.

கையில் கிடைத்தது என்ன என்று பார்த்தால் நடைமுறைக்கு வேண்டிய சில உரிமைகள். அதுவரை நெருப்பை வலம் வந்து கல்யாணம் செய்துகொண்டவர்கள் சட்டத்துக்காகத் தனியே பதிவு அலுவலகம் போக வேண்டியிருந்தது. இனி ரோமுவா நடத்திவைக்கும் கல்யாணமே செல்லும். பள்ளியில் பிள்ளைகளுக்குத் தங்கள் சமயத்தைச் சொல்லிக்கொடுக்கக் கேட்கலாம். வீதௌதஸிடம் அந்தப் பெண்கள் முறையிட்டு அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

அடுத்த வாரம் வடக்கே லாட்வியாவுக்குப் போகிறோம். அங்கே பழஞ்சமயத்தை மீட்க முயன்ற எர்னெஸ்ட்ஸ் பிராஸ்டின்ஷை 1942-ல் சோவியத் அரசு சுட்டுக் கொன்றது.